வட்டமும் பெட்டியும்: கிடார் கற்பித்த நூல்கள் அறிந்திருந்த இசையியல்

1611-இல் மாட்ரிட் நகரில் ஒரு ஸ்பானிய அகராதி வெளிவந்தது. அதைத் தொகுத்தவர் செபாஸ்தியான் தே கோவாருபியாஸ் என்னும் மதகுரு. 'வீகுவேலா' என்ற நரம்பிசைக் கருவிக்குப் பொருள் எழுதும்போது அவர் அகராதியாளருக்குரிய நிதானத்தை இழந்து புலம்புகிறார். மேன்மக்கள் பயின்ற அந்தக் கருவியை இப்போது கற்பாரில்லை. கிடார் வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. கிடாரோ மாட்டுமணிக்கு மேல் மதிப்பில்லாதது. அதை அடித்து வாசிப்பது அவ்வளவு எளிது என்பதால், குதிரை லாயத்து ஆள்கூட இசைக்கலைஞன் ஆகிவிட்டான் என்பது அவருடைய மனக்குறை.

இந்த வசையில் இரண்டு செய்திகள் கலந்துள்ளன. ஒன்று, கிடாரை எவரும் விரைவில் கற்றுவிடலாம் என்பது. மற்றொன்று, அப்படிக் கற்றவருக்கு இசையறிவு இராது என்பது. முதலாவது உண்மை. இரண்டாவதை மேலைநாட்டு இசைக் கல்விக்கூடங்கள் நானூறு ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பச் சொல்லிவந்துள்ளன. கிடார் கற்பித்த நூல்களைக் காலவரிசையில் புரட்டிப் பார்த்தால் அது அத்தனை உறுதியான கூற்றாகத் தோன்றவில்லை.

நூல்களுக்குள் புகுமுன் அவை எதிர்கொண்ட சிக்கலைச் சொல்லியாக வேண்டும். பியானோவில் 88 கட்டைகள் உண்டு; சுரங்களும் 88. ஒரு சுரத்துக்கு ஓர் இடம். கிடாரின் கழுத்தின்மேல் மெட்டுகள் பதித்த பலகையை ஃபிரெட்போர்டு என்பர். தமிழில் விரற்பலகை எனலாம். ஆறு தந்திகளையும், திறந்த தந்தி முதல் 12-ஆம் மெட்டு வரையுள்ள இடங்களையும் எண்ணினால் 78 இடங்கள் கிடைக்கும். அவற்றில் ஒலிக்கும் வெவ்வேறு சுரங்கள் 37 மட்டுமே. அதாவது பெரும்பாலான சுரங்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இடங்கள் உண்டு. முதல் தந்தியைத் திறந்து மீட்டினால் வரும் 'இ' என்ற சுரம், இரண்டாம் தந்தியின் 5-ஆம் மெட்டிலும், மூன்றாம் தந்தியின் 9-இலும், நான்காம் தந்தியின் 14-இலும், ஐந்தாம் தந்தியின் 19-இலும் அதே உயரத்தில் ஒலிக்கும். இதோடு இன்னொரு கோணலும் சேர்கிறது. அடுத்தடுத்த தந்திகளுக்கு இடையே ஐந்து மெட்டு வேறுபாடு என்பது பொதுவிதி. மூன்றாம் தந்திக்கும் இரண்டாம் தந்திக்கும் இடையே மட்டும் அது நான்கு. ஆகவே ஒரு விரலமைப்பை அப்படியே ஒரு தந்தி தள்ளி வைத்தால், அந்த இடைவெளியைக் கடக்கும்போது அது உடைந்துபோகும்.

வீணையிலும் ஒரே சுரம் பல தந்திகளில் உண்டு. ஆனால் வீணைக் கலைஞர் ஒரு தந்தியின் நெடுக்கில் 24 மெட்டுகளின்மேல் பெரிதும் பயணிப்பவர். ஆறு தந்திகளிலும் ஒரே நேரத்தில் சுரங்களை அடுக்கும் கிடார்க்காரருக்கோ இது அன்றாடத் தலைவலி.

இந்தச் சிக்கலை நூல்கள் இரண்டு வழிகளில் அணுகின. ஒரு வழி, கை எங்கே போக வேண்டும் என்று இடத்தைச் சொல்வது. மற்றது, ஒலிக்க வேண்டிய சுரத்தின் பெயரைச் சொல்லி, இடத்தைக் கற்பவரின் அறிவுக்கு விட்டுவிடுவது. முதல் வழிக்கு அச்சில் பழைய சான்று, லூயிஸ் மிலான் 1536-இல் வலென்சியாவில் வெளியிட்ட 'எல் மாஸ்ட்ரோ'. தலைப்பின் பொருளே 'ஆசிரியர்'. வீகுவேலாவின் ஆறு தந்தி இணைகளுக்கு ஆறு கோடுகள். கோட்டின்மேல் எழுதிய எண், அழுத்த வேண்டிய மெட்டு. இந்த எழுத்துமுறைக்கு டாப்லேச்சர் என்று பெயர். இன்றைய கிடார்க்காரர்கள் சுருக்கமாக 'டேப்' என்பது இதைத்தான்.

இரண்டாம் வழியை வற்புறுத்தியவர் பிரான்சிஸ்கன் துறவியான ஹுவான் பெர்முதோ. 1555-இல் வெளிவந்த அவருடைய பெருநூல், வீகுவேலாவின் விரற்பலகையைப் படமாக வரைந்து, மெட்டுகள்தோறும் சுரப்பெயர்களைப் பொறித்துக் காட்டியது. எண்ணைப் பார்த்து விரல் வைப்பவன் கருவியை அறிந்தவன் ஆகான் என்பது அந்தப் படங்களின் உட்பொருள். இன்று வீட்டுச் சுவரில் ஒட்டிவைக்கும் விரற்பலகைச் சுரப்படத்தின் மூதாதை அது. மெட்டுகளின் இடைவெளியைக் கணக்கிடும் முறைகளும் அக்காலத்து அறிஞரிடையே விவாதப்பொருளாயின. வானியல் அறிஞர் கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலேயி 1581-இல் ஓர் எளிய வழி சொன்னார்: எஞ்சிய தந்தி நீளத்தை 18 பங்காக்கி, ஒரு பங்கைக் கழித்த இடத்தில் அடுத்த மெட்டை வை. இப்படிப் பன்னிரண்டு முறை செய்தால் தந்தியில் 50.4 விழுக்காடு எஞ்சும். சரியாகப் பாதி வரவேண்டும். அந்த அரை விழுக்காட்டுக்கும் குறைவான பிழையோடு கருவி செய்வோர் நெடுங்காலம் நிறைவாகவே வாழ்ந்தனர்.

கோவாருபியாஸின் எரிச்சலுக்குக் காரணமான நூல் இவ்விரு வழிகளிலும் சேராதது. அதன் ஆசிரியர் ஹுவான் கார்லோஸ் அமாத், கட்டலோனியாவில் மொன்செராத் மலையடிவாரத்து மொனிஸ்திரோல் ஊரைச் சேர்ந்த மருத்துவர். ஐந்து தந்தி இணைகள் கொண்ட ஸ்பானிய கிடாரைக் குறித்த அவருடைய சிறுநூல் 1596-இல் பார்சிலோனாவில் முதலில் அச்சானதாகக் கருதப்படுகிறது. இன்று கையில் கிடைப்பவை 1620-களின் பதிப்புகளிலிருந்துதான். ஒன்பது சிறிய அத்தியாயங்கள். ஆசிரியரில்லாதவனுக்கு நூலே ஆசிரியராக இருக்கும் வகையில் எழுதப்பட்டது.

அமாத் தனிச் சுரங்களைக் கற்பிக்கவில்லை. சுரக்கூட்டுகளை, கிடார்க்காரர் பேச்சில் 'கார்டு'களை, முழு அலகுகளாகக் கற்பித்தார். மேஜர் கார்டுகள் 12, மைனர் கார்டுகள் 12. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். மேஜரா மைனரா என்று காட்ட ஓர் எழுத்து. இந்த 24 கார்டுகளையும் ஒரு வட்டத்தில் வரிசைப்படுத்தி, எந்தத் தந்தியில் எந்த மெட்டை எந்த விரல் அழுத்த வேண்டும் என்று குறித்தார். வட்டத்துக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. ஒரு பாட்டுக்கு வேண்டிய கார்டுகள் தெரிந்தால், வட்டத்தில் அத்தனையும் ஒரே அளவு நகர்த்தி அதே பாட்டைப் பன்னிரண்டு சுருதிகளில் வாசிக்கலாம்.

நூலின் மற்றொரு பகுதி இன்னும் துணிச்சலானது. தேவாலயங்களிலும் அவைகளிலும் பாடப்பட்ட பலகுரற் பாடல்களுக்கு எந்தக் கார்டு பொருந்தும் என்பதற்கு அமாத் ஓர் அட்டவணை தருகிறார். பாடலின் அடிக்குரல் உத், ரே, மி, ஃபா என்ற சுரங்களில் எதைப் பாடுகிறதோ, அதற்கு நேரே பார்த்தால் கார்டின் எண் இருக்கும். நான்கு குரல்களும் தனித்தனியே எப்படி நடக்கின்றன என்ற இலக்கணத்தைப் பல ஆண்டுகள் பயின்றோர் செய்த வேலையை ஓர் அட்டவணை செய்துவிடுகிறது. அகராதி ஆசிரியர் சினந்ததில் வியப்பில்லை.

இங்கே நின்று நோக்க வேண்டிய ஒன்று உண்டு. அக்காலக் கோட்பாட்டு நூல்கள் சுரங்களைக் குரல்களின் நடையாக, கிடைமட்டத்தில் சிந்தித்தன. மூன்று சுரங்கள் ஒன்றாக ஒலிப்பதைத் தனிப்பொருளாகக் கருதுவதும், அவற்றுள் எது கீழே நின்றாலும் அது அதே பொருள்தான் என்பதும் மெல்ல உருவான கருத்துகள். ஜெர்மானிய இறையியலாளர் யோஹன்னஸ் லிப்பியஸ் 1612-இல் முச்சுரக் கூட்டுக்குப் பெயரிட்டு விளக்கினார். பிரெஞ்சு நாட்டு ஜான் பிலிப் ராமோ 1722-இல் வெளியிட்ட ஒத்திசை நூல் அதை முழுக் கோட்பாடாக்கியது. மேலை இசையியல் வரலாற்றில் ராமோவுக்குரிய பீடம் பெரிது.

அடித்து வாசிக்கும் கிடாரில் கார்டின் எந்தச் சுரம் அடியில் நிற்கிறது என்பது கை வசதியைப் பொறுத்தது. ஐந்து இணைகளில் சிலவற்றின் தந்திகள் ஓர் எட்டுச்சுரம் உயர்த்திக் கட்டப்பட்டிருந்ததால், உண்மையில் 'அடி' எது என்பதே மங்கலானது. ஆகவே கிடார்க்காரன் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. எந்த வரிசையில் அடுக்கினாலும் அது அதே கார்டு, அதே எண். ராமோ தருக்கத்தால் நிறுவியதைக் கிடார் நூல்கள் நூறாண்டுகளுக்கும் முன்பே வழக்காகக் கொண்டிருந்தன. தாமஸ் கிறிஸ்டென்சன் 1992-இல் வெளியிட்ட ஓர் ஆய்வுக்கட்டுரைக்குப் பின் இசையியலாளர்கள் இதைத் தீவிரமாக எடுத்துக்கொள்ளத் தொடங்கினர். ராமோ கிடார் நூலைப் பார்த்து எழுதினார் என்பது இதன் பொருளாகாது. கோட்பாட்டு நூலில் ஏறும் முன்பே ஒரு கருத்து கைப்பழக்கமாக, மலிவு அச்சில், லாயத்து ஆட்களிடம் வாழ்ந்திருக்க முடியும் என்பதே செய்தி.

இத்தாலியில் இதே கருத்து எண்களுக்குப் பதில் எழுத்துகளைப் பூண்டது. ஜிரோலமோ மொன்தெசார்தோ 1606-இல் ஃபிளாரன்ஸில் அச்சிட்ட நூலில் ஒவ்வொரு கார்டும் அகர வரிசையில் ஓர் எழுத்து. இதற்கு 'அல்ஃபாபெத்தோ' என்று பெயர். 'ஏ' என்று எழுதினால் இன்றைய ஜி மேஜர். 'பி' என்றால் சி மேஜர். 'சி' என்றால் டி மேஜர். இன்றைய மாணவரைத் தலைசுற்றவைக்கும் இந்த ஏற்பாட்டில் எழுத்து சுரத்தின் பெயராக நிற்கவில்லை. கையின் வடிவத்துக்கு இட்ட பெயராக நிற்கிறது. பின்னர் எழுத்தோடு ஓர் எண்ணையும் சேர்த்தனர்: அதே கைவடிவத்தை இத்தனையாவது மெட்டுக்கு நகர்த்து என்று பொருள். இந்த நகரும் வடிவத்தை நினைவில் கொள்ள வேண்டும். மூன்று நூற்றாண்டுகள் கடந்து அது புதுக் கண்டுபிடிப்பாக மீண்டும் வரும்.

சலமாங்கா பல்கலைக்கழகத்தில் இறையியல் பயின்று, இத்தாலியில் இசை கற்றுத் திரும்பிய காஸ்பர் சான்ஸ் 1674-இல் சரகோசாவில் தம் கிடார் நூலை வெளியிட்டார். அதில் ஒரே ஆட்டப்பாட்டைப் பன்னிரண்டு சுருதிகளில், பல இடங்களில் வாசிக்கக் காட்டும் கார்டு அட்டவணை ஒன்று உண்டு. அதற்கு அவர் வைத்த பெயர் 'லாபெரிந்தோ', புதிர்வழி. விரற்பலகைக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை அதன் பிறகு எவரும் தரவில்லை.

18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காற்று திசைமாறியது. டாப்லேச்சர் ஒழிந்தது, ஐந்து கோட்டு இசைக்குறி வந்தது, 1800-ஐ ஒட்டி ஆறு ஒற்றைத் தந்திகள் நிலைபெற்றன. வயலின் போல, பியானோ போல கிடாரும் மதிப்புள்ள கருவி என்று காட்டும் விருப்பம் இதன் பின்னே இருந்தது. பாரிஸ் நகரம் கிடார்ப் பாடநூல்களின் தலைநகரமாயிற்று: 1810 அளவில் கருல்லி, 1836-இல் கர்காஸி. மாட்ரிட்டில் 1825-இல் அகுவாதோ. கர்காஸியின் நூல் இன்றும் அச்சில் உள்ளது. விரற்பலகையை 4, 5, 7, 9 ஆகிய மெட்டுகளை ஒட்டிய 'நிலை'களாகப் பிரித்து அது கற்பித்த முறை பல தலைமுறைகளின் கையில் ஊறியது.

இதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. ஐங்கோட்டில் எழுதிய 'இ' எந்தத் தந்தியின் 'இ' என்பதைக் குறி சொல்லாது. அதைச் சொல்ல ரோம எண்களையும், வட்டமிட்ட தந்தி எண்களையும் மேலே தூவ வேண்டியதாயிற்று. டாப்லேச்சரை வாசல் வழியாக அனுப்பிவிட்டுச் சன்னல் வழியாக உள்ளே அழைத்ததற்கு ஒப்பானது இது.

இந்த வரிசையில் பெர்னாந்தோ சோர் தனித்து நிற்கிறார். 1778-இல் பார்சிலோனாவில் பிறந்தவர். மொன்செராத் மடத்தின் பாடகர் பள்ளியில் இசை கற்றவர். அமாத் வாழ்ந்த அதே மலை. கிடைத்த கல்வி அதற்கு நேரெதிரானது. ஒவ்வொரு குரலும் தன் வழியில் நடக்க வேண்டும் என்பது அப்பள்ளியின் பாடம். 1830-இல் பாரிஸில் அவர் வெளியிட்ட கிடார் முறைநூலில் பயிற்சிகளைவிட வாதங்களே அதிகம். கைப்பழக்கத்தை நம்பாதே, காரணத்தைக் கேள் என்பதே அதன் குரல். கருவியின் திறவுகோலாக அவர் காட்டுவது மூன்றாம் சுர, ஆறாம் சுர இணைகளை. ஸ்கேலின் ஒவ்வொரு சுரத்தோடும் அதன் மூன்றாவது சுரத்தைச் சேர்த்து வாசித்துப் பார்த்தால், கைக்கு இரண்டே வடிவங்கள் மாறிமாறி வருவது தெரியும்: மேஜர் இடைவெளிக்கு ஒன்று, மைனருக்கு ஒன்று. மூன்றாம், இரண்டாம் தந்திகளில் மட்டும் இவ்விரண்டும் வேறு உருக்கொள்ளும். இவற்றைக் கழுத்து நெடுகக் கற்றவனுக்குத் தனித்தனிச் சுரங்களை மனனம் செய்யும் தேவை குறையும். சுரப்பெயரும் கைவடிவமும் பிரிந்து நின்ற இடத்தில் சோர் இரண்டையும் இடைவெளி என்ற ஒன்றால் இணைத்தார். கிடார் நூல்களில் இதற்கு இணையான அறிவார்ந்த பக்கங்கள் மிகச் சில. பயிற்சிகளை மட்டும் வெட்டியெடுத்து வாதங்களைக் கைவிட்ட பிற்காலப் பதிப்புகளே பரவலாகப் புழங்கின என்பது பாடநூல் வரலாற்றில் வழக்கமாக நேர்வதுதான்.

இருபதாம் நூற்றாண்டில் அமாத்தின் வட்டம் அமெரிக்காவில் பெட்டியாக உருமாறியது. 1920-களில் உக்குலேலே மோகம் பரவியபோது, மே சிங்கி பிரீன் என்ற கலைஞர், அச்சிட்ட பாட்டுத்தாள்களில் அதற்குரிய கார்டுகளையும் சேர்க்கும்படி பதிப்பாளர்களை இணங்கவைத்தார். நிமிர்ந்த கோடுகள் தந்திகள், கிடைக்கோடுகள் மெட்டுகள், புள்ளிகள் விரல்கள். அந்தச் சிறிய கட்டம் கிடாருக்கும் பரவியது. பியானோவுக்கு எழுதிய தாளில் வரிகளுக்கு மேலே அமர்ந்த அந்தப் பெட்டிகளை நோக்கி எவரும் பாடிக்கொண்டே வாசிக்கலாம்.

மிசூரி மாநிலத்தின் மெல் பே 1947-இல் தொடங்கிய பதிப்பகம் இதற்கு மறுகரையில் நின்றது. முதல் தந்தியில் இ, எஃப், ஜி என மூன்று சுரங்களை ஐங்கோட்டில் படிப்பதிலிருந்து அவருடைய பாடநூல் தொடங்குகிறது. பத்துப் பக்கம் போனாலும் மாணவர் கையில் ஒரு பாட்டு முழுமையாக நிற்காது. ஆனால் பொறுத்தவர் படிக்கக் கற்றார். இங்கிலாந்தில் பெர்ட் வீடன் 1957-இல் எழுதிய நூலோ ஒரே நாளில் வாசிக்கலாம் என்று தலைப்பிலேயே வாக்களித்தது. ஒரே நாளில் யாரும் வாசித்திருக்க முடியாது. எனினும் எரிக் கிளாப்டன் உள்ளிட்ட பலர் தங்கள் முதல் நூலாக அதை நினைவுகூர்ந்துள்ளனர்.

இவ்விரண்டுக்கும் இடையே 1955-இல் வந்த மிக்கி பேக்கரின் ஜாஸ் கிடார் நூல் மிகுந்த கவனத்துக்குரியது. கென்டக்கி மாநிலத்தில் பிறந்து அநாதை இல்லத்தில் வளர்ந்த கறுப்பினக் கலைஞர் பேக்கர். நியூயார்க் வந்து, டிரம்பெட் வாங்க விரும்பி, கையிலிருந்த காசு போதாமல் அடகுக்கடையில் கிடார் வாங்கியவர். அவருடைய நூல் 26 கார்டு வடிவங்களை எண்ணிட்டு முதலிலேயே மாணவர் முன் வைக்கிறது. சாதாரண மேஜர் கார்டுக்கு மாற்றாக எண் இன்னதையும் எண் இன்னதையும் இணைத்து வாசி என்று பயிற்சி கொடுக்கிறது. முன்னுரை நீளவில்லை, விளக்கம் சொற்பம். எண்ணிட்ட கார்டுகளும், அவற்றை இடம்மாற்றும் பயிற்சியுமாக அதன் கட்டமைப்பு அமாத்தின் நூலை ஒத்திருப்பது வியப்பளிக்கிறது. பேக்கர் அதை அறிந்திருக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை. ஒரே கருவியும், ஆசிரியரில்லாத ஒரே வகை மாணவரும் ஒரே வகை நூலைப் பிறப்பித்தனர். கல்லூரி இசைத்துறைகள் ஜாஸுக்குக் கதவைத் திறவாத காலத்தில், அதன் ஒத்திசைவு இலக்கணத்தைத் தெருவுக்குக் கொண்டுசேர்த்த நூல்களில் அதுவும் ஒன்று.

கல்லூரி திறந்தபோது நூல்களும் மாறின. பாஸ்டனின் பெர்க்லி கல்லூரியில் கிடார்த் துறைத் தலைவராயிருந்த வில்லியம் லெவிட் 1966 முதல் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட பாடநூலில் டாப்லேச்சருக்கு இடமில்லை. கையை ஒரே நிலையில் நிறுத்தி, விரல்களை நீட்டியும் குறுக்கியும் வெவ்வேறு சுருதிகளின் ஸ்கேல்களை அங்கேயே வாசிக்க வேண்டும். கை நகராது, மனம் நகர வேண்டும். கடுமையான நூல். முழுதும் முடித்தவர்களைவிடத் தொடங்கியவர்களே எப்போதும் அதிகம்.

1980-களில் பில் எட்வர்ட்ஸ் என்ற அமெரிக்கரின் நூல் வாயிலாகப் பெரும்புகழ் பெற்ற முறைக்கு 'கேஜ்ட்' என்று பெயர். சி, ஏ, ஜி, இ, டி என்ற ஐந்து எழுத்துகளின் சேர்க்கை. கிடார் தொடங்குவோர் அனைவரும் கற்கும் ஐந்து திறந்த கார்டு வடிவங்கள் இவை. சி மேஜரை எடுத்துக்கொண்டால், திறந்த நிலையில் அது 'சி' வடிவம், 3-ஆம் மெட்டில் 'ஏ' வடிவம், 5-இல் 'ஜி', 8-இல் 'இ', 10-இல் 'டி', 12-இல் மீண்டும் 'சி'. ஐந்து வடிவங்கள் சங்கிலியாகக் கழுத்தைச் சுற்றி வருகின்றன. எழுத்து இங்கே மீண்டும் கைவடிவத்தின் பெயராகிவிட்டது: சி மேஜரை 'ஜி வடிவத்தில்' வாசிக்கிறார்கள். எழுத்தோடு மெட்டு எண் சேர்த்த அல்ஃபாபெத்தோவை அறிந்தவருக்கு இதில் புதுமை குறைவு. இதைக் குறைசொல்வோர், வடிவத்தைக் கற்றவன் சுரத்தைக் கல்லான் என்கின்றனர். கோவாருபியாஸின் குரலே அது. சற்றுக் கண்ணியமான நடையில்.

இந்தியாவுக்கு இந்த நூல்கள் வந்த பாதை ஒன்றல்ல. கோவாவின் திருச்சபைப் பள்ளிகளில் போர்த்துகீசியர் காலத்திலிருந்தே சோல்ஃபேஜும் வயலினும் கற்பிக்கப்பட்டன. அங்கே குறி படிக்கக் கற்றவர்கள்தாம் பின்னர் பம்பாய்த் திரைப்பட வாத்தியக் குழுக்களை நிரப்பினர். அந்தோனி கோன்சால்வெஸ், செபாஸ்டியன் டிசூசா போன்றோரின் பெயர்கள் இன்று நன்கு அறியப்பட்டவை. 1865-இல் தொடங்கிய பம்பாயின் ஃபர்ட்டாடோஸ் போன்ற கடைகள் இறக்குமதிப் பாடநூல்களை விற்றன. லண்டன் டிரினிட்டி கல்லூரியின் தேர்வுகள் நூல்களுக்கு ஒரு படிநிலை ஒழுங்கைத் தந்தன. சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசை கற்ற இளையராஜா, அக்கல்லூரியின் செவ்வியல் கிடார்த் தேர்வில் தேறியவர் என்பது தமிழுலகம் அறிந்ததே.

கல்கத்தாவின் கதை வேறு. சமோவாவில் பிறந்து ஹவாய்க் கலைஞராகப் புகழ்பெற்ற டௌ மோ, 1940-களில் தம் குடும்பத்தோடு இந்தியாவில் தங்கி வாசித்தார். மடியில் கிடத்தி எஃகுத் துண்டால் வருடும் ஹவாயன் கிடார் வங்காளத்தின் வீட்டுக் கருவியாயிற்று. ரவீந்திர சங்கீதம் அதில் ஓயாமல் ஒலித்தது. இந்த வகையில் தந்தி மெட்டைத் தொடுவதே இல்லை. மெட்டு கண்ணுக்கு ஓர் அடையாளம் மட்டும். கமகத்துக்குத் தடையாக நின்ற அந்தப் படிக்கட்டு விலகியதும் கருவி ராகத்துக்குத் திறந்துகொண்டது. அலி அக்பர் கானின் மாணவரான பிரிஜ் பூஷண் காப்ரா இந்துஸ்தானி மேடையில் கிடாரை நிலைநிறுத்தினார். அவர் கற்றது குருவிடம். விரற்பலகைக்கு உலகம் எழுதிக்குவித்த நூல்கள் எவையும் அங்கே தேவைப்படவில்லை.

வடகிழக்கில் நிகழ்ந்ததே இக்கட்டுரையின் பொருளோடு மிக நெருங்கியது. 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சாரா குளோவர் உருவாக்கி ஜான் கர்வென் பரப்பிய 'டானிக் சோல்ஃபா' முறை, ஐங்கோட்டை நீக்கிவிட்டு டோ, ரே, மி என்ற சுரங்களின் முதலெழுத்துகளால் பாட்டை எழுதியது. டோ எந்த உயரத்திலும் நிற்கலாம்; நம் சட்ஜம் போல. தொழிலாளரும் ஞாயிறுப் பள்ளிச் சிறாரும் படிக்கத்தக்க முறை என்று அங்கே போற்றப்பட்டது. அதே காரணத்துக்காகவே கல்விக்கூடங்களில் தாழ்வாகவும் நோக்கப்பட்டது. மிஷனரிகள் வழியே அது வடகிழக்கு மலைகளுக்கு வந்தது. இங்கிலாந்தில் அது மங்கிப்போன பின்னும் மிசோ துதிப்பாடல் நூல்கள் நான்கு குரல்களுக்கும் சோல்ஃபாவிலேயே அச்சாகின்றன.

அத்தகைய நூலின் ஒரு பக்கத்தில் பாடலின் தலைப்பருகே 'டோ இஸ் ஜி' என்று குறித்திருக்கும். அதைக் கண்ட கிடார்க்காரருக்கு ஜி, சி, டி என்ற மூன்று கார்டுகள் உடனே தெரிந்துவிடும். அதன் பிறகு அடிக்குரலின் வரியை நோக்கினால் போதும்: டோ வருமிடத்தில் ஜி, ஃபா வருமிடத்தில் சி, சோ வருமிடத்தில் டி என்பது முதற்கட்ட விதி, மற்றவற்றைக் காது சொல்லும். சுருதி பாடகருக்கு உயரமானால் 'டோ'வை இறக்கிவிட்டு அதே உறவுகளை வேறு மெட்டில் வாசிக்கலாம். அடிக்குரலின் சுரத்தைப் பார்த்துக் கார்டைக் கண்டுபிடிக்க அமாத் வரைந்த அட்டவணை செய்த வேலையும் இதுதான். கட்டலோனியத்துக்கும் மிசோ மலைகளுக்கும் இடையே நூல்வழித் தொடர்பு எதுவும் இல்லை. சுரங்களின் பெயரைவிட அவற்றின் உறவை முதலில் அறிந்த சமூகத்தின் கையில் கிடார் சேர்ந்தால் நிகழ்வது இது.

அந்த அறிவுக்குச் சான்றிதழ் தரும் ஏற்பாடு நெடுங்காலம் இருந்ததில்லை. செவ்வியல் கிடார்த் தேர்வு ஐங்கோட்டைக் கேட்டது. நான்கு குரல் ஒத்திசைவைக் காதால் பிரித்தறியும் மலைநாட்டு இளைஞர் அதன் முன்னே எழுத்தறியாதவராக நின்றார். பிரிட்டனில் 1991-இல் தொடங்கிய ராக்ஸ்கூல் தேர்வுகளும், பின்னர் டிரினிட்டியின் ராக், பாப் பாடத்திட்டமும் இந்த நிலையைச் சற்றுத் தளர்த்தின. அத்தேர்வு நூல்களில் மேலே ஐங்கோடும் அதன் கீழே ஆறு கோட்டு டேபும் ஒரே பக்கத்தில் அச்சாகின்றன. வரிகளுக்கு மேலே கார்டின் பெயர். டேபின் மேற்கோடு மிக உயர்ந்த ஒலியுள்ள தந்தியைக் குறிக்கும். அக்காலத்து இத்தாலியர் இதைத் தலைகீழாக எழுதினர். மிலான் 1536-இல் வலென்சியாவில் எழுதியது இன்று இருப்பதைப் போலவே.